சீன நடிகையின் சிவப்புக் கவுன்

சீனப் படம் ஒன்றையும் நான் முழுதாகப் பார்த்தவள் இல்லை. ஆனால் சீனப் பட நடிகைகள் எந்த விழாவுக்கு எதை உடுத்திக்கொண்டு போனார்கள் என்று கேட்டால், துபாயில் அல் குசைஸில் எங்கள் கட்டடத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கேபிளில் அதற்கென்றே ஒரு சேனல் இருந்தது. காலையில் அவர் டூட்டிக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, சாம்பார் கொதிக்கிற நேரத்தில், உலகத்துச் சிவப்புக் கம்பளங்களையெல்லாம் திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஐரோப்பாவில் ஒன்று, ஹாங்காங்கில் ஒன்று, தைவானில் ஒன்று. கையில் கரண்டியோடு நின்று பார்ப்பேன்.

ஒருத்தி தொண்டைக்குழி வரை பட்டன் போட்டு மூடியிருப்பாள். கீழே பார்த்தால் தொடை வரை திறந்திருக்கும். மேலே மாமியாருக்கு, கீழே ஊருக்கு என்று கணக்கு. இன்னொருத்தி மஞ்சள் பட்டில் டிராகனைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தலை அவள் வயிற்றில், வால் முதுகில். அவள் உட்கார்ந்தால் டிராகனுக்கு மூச்சு முட்டும். வேறொருத்திக்குப் பின்னால் இழுபட்ட துணியில் லேபர் கேம்ப் ஆட்கள் நாலு பேர் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம். குளிர்கால விழாக்களில் ஆண்களெல்லாம் கோட்டுக்குள் ஒடுங்கி நிற்க, இவர்கள் மட்டும் தோளையும் முதுகையும் திறந்துபோட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஐயோ, சளி பிடிக்குமே என்று எனக்குத்தான் இங்கே அடித்துக்கொள்ளும்.

படமே இல்லாமல் கம்பளத்துக்கு மட்டும் வந்த நடிகைகளும் உண்டு. அவர்களுடைய கவுன்தான் இருப்பதிலேயே பெரிதாக இருக்கும். நடிக்க ஒன்றுமில்லை, நடந்துவிட்டுப் போகிறாள் என்று கெக்கலி கொட்டிச் சிரிப்பேன். கம்பெனி டின்னருக்குப் போகிற எங்களுக்கும் அங்கே வேறு வேலை இல்லை என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் கட்டட சாமான் கம்பெனி ஒன்றில் சேல்ஸ் மேனேஜர். குழாய், ஷவர், வாஷ்பேசின். முதலாளி சென்னைக்காரர், எம்.டி. என்போம். அந்த வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது. சீனாவிலிருந்து ஒரு பெரிய குழாய்க் கம்பெனியின் ஏஜென்சி வந்தால் பிழைத்தோம், வராவிட்டால் பாதிப் பேருக்கு விசா கேன்சல் என்று பேச்சு. வந்தாலும் எல்லாரையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் ஒரு பேச்சு. இவர் விசா அந்த வருஷக் கடைசியில் முடிகிறது. மகள் அப்போதுதான் பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தாள். ஒன்பதில் பெயர் பதிந்த பள்ளியில்தான் பத்துப் பரீட்சை எழுதவேண்டும்; நடுவில் பிடுங்கிக்கொண்டு ஊருக்குப் போனால் அவளை எந்தப் பள்ளியில் கொண்டு சேர்ப்பது?

எங்கள் கம்பெனியில் விசா பேப்பரில் கையெழுத்துப் போடுவது எம்.டி. யாருக்குப் போடலாம் என்று சொல்வது அவர் மனைவி. அந்த அம்மாள் ஒருநாள் எல்லா வீட்டுக்கும் போன் போட்டாள்.

"சைனாலேர்ந்து கெஸ்ட் வராங்கம்மா. ரெட் கார்ப்பெட் டின்னர். லேடீஸ் எல்லாம் சைனீஸ் ஆக்ட்ரஸ் அவார்ட் ஃபங்ஷனுக்கு வர்ற மாதிரி வரணும். புடவை ஸ்ட்ரிக்ட்லி நோ."

இவர் வந்ததும் கேட்டேன்: "ஏங்க, சீனாக்காரங்க நம்மகிட்ட விருந்துக்கு வந்தா, நாம எதுக்குச் சீனாக்காரி ஆகணும்? நாம மதுரைக்குப் போனா மதுரைக்காரங்க நமக்காக வேஷம் போடுறாங்களா?"

"தாயே, நீ கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரு. நம்ம விசா அந்தம்மா கையில இருக்கு" என்றார். மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

நாத்தனார் குவைத்தில், ஃபர்வானியாவில் இருந்தாள். வெளிநாட்டுப் பத்திரிகையெல்லாம் வாங்குகிறவள் என்று அவளிடம் சொன்னேன். துபாய்க்கு வந்த யாரிடமோ ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தனுப்பினாள். "அண்ணி, இந்த வருஷம் எல்லாரும் பேசுறது இந்த கவுனைத்தான்" என்று போனில் ஒரே பெருமை.

கவுன் அழகுதான், சும்மா சொல்லக்கூடாது. மிளகாய்ப் பழச் சிவப்பு. கீழே தங்க ஜரிகையில் ஒரு பறவை சிறகு விரித்திருந்தது. நடிகை பக்கவாட்டில் திரும்பி நின்றதால் முன்னும் பின்னும் தெரிந்தது. இடுப்புக்கு மேல், மார்பு, தோள், முதுகு எல்லாம் நல்ல கறுப்பு. எனக்கு அந்த நடிகைமேல் மரியாதையே வந்துவிட்டது. இத்தனை பேர் அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நடக்கிற கம்பளத்தில், இவள் ஒருத்தியாவது குடும்பப் பெண் மாதிரி முழு ரவிக்கை போட்டு வந்திருக்கிறாளே!

சத்வாவுக்குப் போனேன். அங்கே தையற்கடைகளில் எந்தப் படத்தைக் காட்டினாலும் அச்சு அசலாகத் தைத்துக் கொடுப்பார்கள். மாஸ்டர் பஞ்சாப் பக்கத்து ஆள். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், ஊப்பர் ப்ளாக் நெட் ஹை. டபுள் லைனிங் லகேகா."

மேலே இருப்பது கறுப்பு வலைத்துணி, உள்ளே இரட்டைத் துணி வைக்கவேண்டும் என்கிறார். "பாய், சேம் டு சேம் வேணும்" என்றேன்.

சேம் டு சேம்தான் தைத்தார். படத்தில் இடது தோளில் மட்டும் கறுப்பு கொஞ்சம் கோணலாகக் கழுத்துப் பக்கம் ஏறியிருந்தது. அதைக் காட்டி "ஏ ஃபேஷன் ஹை" என்று, அந்தக் கோணலையும் அப்படியே தைத்திருந்தார். போட்டுப் பார்த்தேன். இவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "எதுக்கும் ஒரு பட்டுப்புடவையை எடுத்து வண்டியில போட்டு வை" என்றார்.

டின்னர் ஹோட்டலில். வாசலிலிருந்து சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். ஓரத்தில் சிகரெட் சுட்ட ஓட்டை. எங்கள் கம்பெனிப் பெண்கள் ஒவ்வொருத்தியாக அதில் நடந்து வந்தார்கள். அக்கவுன்ட்ஸ்காரர் மனைவி கொண்டையில் சாப்பாட்டுக் குச்சிகள் இரண்டைச் செருகியிருந்தாள். நூடுல்ஸ் வந்ததும் உருவிக்கொள்வாளோ என்று பார்த்தேன். ஸ்டோர் மேனேஜர் மனைவியின் கவுன் தொடைப் பக்கம் திறந்திருந்தது. உள்ளே வெள்ளை லெக்கிங்ஸ் போட்டு, மேலே துப்பட்டாவும் போட்டு, தன் மானத்தைத் தானே காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நான் கோணல் தோளோடு நிமிர்ந்து நடந்தேன். போட்டோ எடுத்தவன் பியூன்தான்.

கடைசியாக எம்.டி. மனைவி வந்தாள். அதே கவுன். அதே மிளகாய்ப் பழச் சிவப்பு, அதே ஜரிகைப் பறவை. ஆனால் கறுப்பு எங்கே? கழுத்திலிருந்து வயிறு வரை இரண்டு மெல்லிய பட்டை தவிரத் துணியே இல்லை. திரும்பினாள், முதுகிலும் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் நடிகையின் படத்தை பிரின்ட் எடுத்துத் தைத்ததாம்.

எனக்குக் குப்பென்று வேர்த்தது. குவைத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கடைக்கு விடும் முன்னே, உடம்பு தெரிகிற இடத்தையெல்லாம் கறுப்பு மார்க்கரால் அடித்துவிடுவார்கள் என்று யாரோ எப்போதோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் மரியாதை வைத்தது நடிகைமேல் இல்லை, மார்க்கர் பிடித்த ஆள்மேல். அவர் கை சறுக்கியதைத்தான் என் இடது தோளில் சுமந்துகொண்டு நின்றேன். பிறகு நாத்தனாரைக் கேட்டதற்கு, "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அண்ணி. எங்களுக்கு அது கண்ணுலயே படுறதில்ல" என்றாள். கட்டையில போறவளே என்று மனசுக்குள் வாழ்த்தினேன்.

எம்.டி. மனைவி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "என்னம்மா, பார்ட்டிக்கு வந்தீங்களா, துக்கத்துக்கு வந்தீங்களா?" குச்சிக் கொண்டைக்காரி களுக்கென்று சிரித்தாள். இவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் எம்.டி. மூச்சிரைக்க ஓடி வந்தார். கம்பெனியின் கஃபீல், அதாவது பேப்பரில் பாதிக்குமேல் பங்குள்ள அரபி முதலாளி, கீழே வந்து இறங்கிவிட்டாராம். கையெழுத்துக்குத் தவிர எட்டிப் பார்க்காத மனிதர், அன்றைக்கென்று தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். எம்.டி. தன் மனைவியின் கழுத்துக்குக் கீழே பார்த்தார்.

"மொதல்ல அதை மூடித் தொலை!"

வண்டியில் ஒரு புடவை இருக்கிறது என்று இவர் முணுமுணுத்தார். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லேடீஸ் ரூமுக்குள் ஓடினாள். கதவைச் சாத்தியதும், "உன் கவுனைக் கழட்டிக் குடு" என்றாள். நீங்க போய் நீ ஆகியிருந்தது.

"நான் என்னத்தைக் கட்டுறது மேடம்?"

"உன் ஹஸ்பெண்ட் ஏதோ புடவை வண்டியில இருக்குன்னாரே, அதைக் கட்டு."

"புடவை ஸ்ட்ரிக்ட்லி நோ ஆச்சே?"

"ஐயோ, விளையாடாதம்மா! அவரோட அம்மா வராங்க. பிளீஸ்."

அந்த வாயிலிருந்து பிளீஸ் வந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எத்தனை நாளாக மூடி வைத்திருந்த வாய்! என் கை முதுகுப்பக்க ஜிப்பில் இருந்தது. அதை இறக்காமலே கேட்டேன்.

"மேடம், எங்க வீட்டுக்காரர் விசா. பொண்ணு பத்தாவது படிக்கிறா. அவ பத்தாவது முடிக்கிற வரைக்கும் எங்களை இங்க இருக்க விடணும்."

"இப்பப் போயா இதைக் கேக்குற?"

"இப்பக் கேக்காம வேற எப்ப மேடம் கேக்குறது?"

வெளியே அரபியில் பேச்சுக் குரல் கேட்டது. "சரிம்மா, சரி! பத்தாவது முடியற வரைக்கும். பிராமிஸ். கழட்டு!"

கழற்றினேன். அவள் பட்டினி கிடந்து இளைத்தவள், நான் சாப்பிட்டு வளர்ந்தவள். என் கவுன் அவளுக்குத் தொளதொளவென்று தொங்கியது. தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்குகளையெல்லாம் உருவி அவள் முதுகில் குத்தினேன். ஒன்றிரண்டு தோலிலும் குத்தியிருக்கும். வேண்டுமென்று இல்லை. கதவு இடுக்கில் இவர் புடவைப் பையை நீட்டினார். "நான் சொன்னேன்ல?" என்று ஒரு வார்த்தை வேறு.

நான் பட்டுப்புடவையில் வெளியே வந்தபோது, எம்.டி. மனைவி அரபி முதலாளியின் அம்மாவுக்கு எதிரே கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெரிய அம்மா அவளுடைய மானத்தையோ மரியாதையையோ பார்த்ததாகத் தெரியவில்லை. ஜரிகைப் பறவையைத் தடவி, எங்கே தைத்தது என்று மகனைவிட்டுக் கேட்டார். பிறகு கோணலாக இருந்த இடது தோளைப் பிடித்துச் சரியாக்க இழுத்தார். ஊக்கு தெறித்தது.

சீன விருந்தாளியும் வந்தார். கம்பெனித் தலைவியே வந்திருந்தார். நாங்கள் எதிர்பார்த்தது பட்டும் டிராகனும். வந்தது சாம்பல் நிற பேன்ட், தட்டைச் செருப்பு, கத்தரித்த முடி. காலையிலிருந்து குடோனில் குழாய்களைத் திருகிப் பார்த்துவிட்டு அப்படியே வந்தவர். எங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். சிவப்புக் கவுனைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இந்த கவுனை மேடத்துக்குத் தெரியுமாம். அந்தக் கறுப்பு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்குறாங்க" என்றான் மொழிபெயர்க்க வந்தவன்.

"அது எங்க டிசைனரோட ஐடியா" என்றாள் எம்.டி. மனைவி, கண் சிமிட்டாமல். குவைத்து மார்க்கர்க்காரருக்கு அப்படி ஒரு பட்டம் கிடைத்தது. ஏஜென்சிக் கையெழுத்து காலையிலேயே குடோனில் முடிந்துவிட்டது என்று இரவு சாப்பாட்டின்போது இவர் காதில் சொன்னார். அப்படியானால் இத்தனை கூத்தும் யாருக்கு என்று கேட்டேன். மேளம் அடித்தாயிற்று, ஆடித்தானே ஆகவேண்டும் என்றார்.

அந்த அம்மாள் சொன்ன சொல் தவறவில்லை. வருஷக் கடைசியில் பாதிப் பேர் பெட்டி கட்டியபோது இவர் விசா மட்டும் சத்தமில்லாமல் ரினியூ ஆனது. என் கவுன் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை. மகள் ராப்பகலாகப் படித்தாள். நான் சீன நடிகைகளை நிறுத்திவிட்டு, டிவிக்கு உறை போட்டு மூடினேன்.

அடுத்த வருஷம் ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். கட்டடம் முழுக்க லட்டு கொடுத்தேன், எம்.டி. வீட்டுக்கும் ஒரு டப்பா அனுப்பினேன். அந்த வாரமே இவர் ஒரு கவரோடு வந்து சோபாவில் உட்கார்ந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"கேன்சல். பொண்ணு பத்தாவது முடிக்கிற வரைக்கும்னுதானே உங்க மிஸஸ் கேட்டாங்க, அதான் லட்டு வந்திருச்சேன்னு அந்தம்மா சொன்னாங்களாம்."

எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. திட்டலாம் என்று வாயைத் திறந்தால் திட்ட ஒன்றுமே கிடைக்கவில்லை. நான் கேட்டதைக் கேட்டபடி கொடுத்திருந்தாள், ஒரு நாள் குறையாமல், ஒரு நாள் கூடாமல். உலகமே என்னிடம் பிளீஸ் சொல்லி நின்ற அந்த ஒரு நிமிஷத்தில், எனக்கு ஆசைப்படக்கூடத் தெரிந்தது அவ்வளவுதான்.

மகள் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒய் டிடின்ட் யூ சே ட்வெல்த், மம்மி?"