பாப்பாவின் டிரம் மூடி

பாப்பாவைச் சாது என்று சொல்பவர்களும் திருவிடந்தையில் இருக்கிறார்கள். அவர்கள் அவளைப் பார்த்தபோது அவள் கையில் டிரம் மூடி இருந்திருக்காது. நாற்பத்தாறு வயது, ஐந்தடிக்கும் குறைவான உயரம், ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. அந்த மூடியால் இதுவரை இரண்டு பல், ஒரு காது மடல், ஒரு வண்டிக் கண்ணாடி போயிருக்கின்றன. மூன்றையும் இழந்தவன் ஒரே ஆள்: இறந்துபோன அவள் கணவன் தாவீதின் தம்பி மோசஸ்.

அந்தக் குடும்பம் அடுத்தவர் வயலில் அறுப்பு அறுத்துப் பிழைத்தது. வயல்கள் மனையானதும் தாவீது பன்றி வளர்க்க ஆரம்பித்தான். அவனுக்குப் பிறகு பாப்பாவிடம் குட்டிகள் நீங்கலாக முப்பத்தொரு பன்றிகள் இருந்தன. தீனி, கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு ரிசார்ட்டின் பின்வாசலிலிருந்து வந்தது. தினமும் காலையில் விருந்தினர் மிச்சம் வைத்த பிரியாணியும் கேக்கும் தர்பூசணியும் ஒரு நீல டிரம்மில் நிறையும். பாப்பா அதைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, கொட்டகை வாசலில் கவிழ்த்து, அடியில் நான்கு தட்டு தட்டுவாள். சவுக்குத் தோப்பில் எந்த மூலையில் கிடந்தாலும் பன்றிகள் பறந்து வரும்.

பிறகு சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். பெரிய ஓட்டல்களின் ஈரக் கழிவு குப்பைமேட்டில் அழுகி ஊரைக் கெடுக்கக் கூடாது. மூடிய தொட்டிக்குள் அழுகி எரிவாயுவாக வேண்டும். யாரும் மறுக்க முடியாது. ஒரே ஒரு சிக்கல், அந்த ரிசார்ட்டின் சோறு பதினோரு வருடமாகக் குப்பைமேட்டை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பன்றியின் வயிறு எந்தப் படிவத்திலும் இல்லை. தோப்புக்கு அந்தப் பக்கம் எரிவாயு நிலையம் எழுந்தது. வண்டி ஓட்ட மோசஸை வைத்தார்கள்.

முதல் நாள் பின்வாசலில் இருவரும் சந்தித்தார்கள்.

"அண்ணி, இனிமே இது கம்பெனி சோறு. ரூல்சு."

"இன்னாடா ரூல்சு? என் பன்னிக்கு எவன் வந்து படிச்சுக் காட்டுவான்?"

"என்னாண்ட கேட்டா? நான் டிரைவரு."

மூடியின் விளிம்பில் இரும்பு வளையம் உண்டு. பற்கள் அன்றைக்குப் போயின. மூன்றாம் நாள் காதும் கண்ணாடியும் போனபோது மோசஸ் பொறுமையிழந்து, தள்ளுவண்டியின்மேல் டிப்பர் லாரியை ஏற்றி நொறுக்கினான். பாப்பாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு டிரம்மைத் தூக்கிக்கொண்டு போனான். மூடி மட்டும் அவள் கையிலேயே தங்கிவிட்டது.

பன்றிகளுக்குக் கிழங்குத் தோலும் புல்லும்தான் கிடைத்தன. விலா எலும்பு தெரிந்தது. ஒன்பதாம் நாள் காலை, ராணி என்ற தாய்ப்பன்றி தன் குட்டிகளில் இரண்டைத் தின்றுவிட்டது. பாப்பா ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதே நேரத்தில் நிலையத்தில் மோசஸ், அந்த நீல டிரம்மைத் தொட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தான். அடியில் சோறு ஒட்டிக்கொண்டது. நான்கு தட்டு தட்டினான்.

நிலையத்தின் கம்பி வேலி, பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று போட்டது. முப்பத்தொரு பன்றிகள் அதை வேலியாகவே மதிக்கவில்லை. மோசஸ் திரும்புவதற்குள் சோற்றுச் சகதியில் மல்லாந்து கிடந்தான். ஒன்று அவன் முழங்கையைக் கவ்வியது. ராணி தொடையைக் கவ்வி, சோற்றையும் சதையையும் வித்தியாசம் பார்க்காமல் உலுக்கியது.

பாப்பா மூடியோடு ஓடி வந்தாள். நிலையத்து வேலையாள் வரதன் வாயுத் தொட்டியின் உச்சியில் ஏறி நின்றிருந்தான்.

"அக்கா, கூப்டுக்கா உன் பன்னிங்கள. ஆள துன்னுகினு கீது."

அவள் எவ்வளவு நேரம் சும்மா நின்றாள் என்பதை வரதன் ஆளுக்கு ஒரு கணக்காகச் சொல்கிறான். கொஞ்ச நேரம் நின்றாள் என்பது மட்டும் நிச்சயம்.

"அண்ணி," என்றான் மோசஸ்.

பாப்பா மூடியைக் கல்லில் நான்கு முறை அடித்தாள். மற்ற பன்றிகள் தலையைத் தூக்கின. ராணி தூக்கவில்லை. வளையம் இருந்த பக்கத்தால் அதன் மூக்கில் போட்டாள். விடவில்லை. நெற்றியில் போட்டாள். மூன்றாவது அடியில் எலும்பு உடையும் சத்தம் தொட்டி உச்சிவரை கேட்டது. ராணி வாயைத் திறந்தபடியே சரிந்தது. அதுவரை குச்சியால்கூட அதை அவள் தொட்டதில்லை.

முந்தானையைக் கிழித்து மோசஸின் தொடையைக் கட்டினாள்.

"பல்லக் கடிச்சிக்கோ," என்றாள்.

"கீற பல்லே கொஞ்சம்தான், அண்ணி."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் முப்பத்துநான்கு தையல். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "இன்னாய்யா கடிச்சுது?" என்றார்.

"நாய் சார்."

"இம்மாம் பெரிய வாயா?"

"பெரிய நாய் சார்."

இரண்டு மாதம் கழித்து மோசஸ் நொண்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினான். அன்று முதல் டிப்பர் முதலில் பாப்பாவின் கொட்டகையில் நிற்கிறது. பாதிச் சோறு அங்கே இறங்குகிறது. இது சட்டப்படி குற்றம். இதில் ஒரு வேடிக்கை: அளவுக்கு மீறித் தின்று புளித்து நுரைத்துக் கிடந்த வாயுத் தொட்டி, தீனி பாதியான பிறகுதான் முதன்முறையாக ஒழுங்காக எரிந்தது. அதிகாரி ஒருவர் வந்து நீலச் சுடரைப் பார்த்து, சட்டத்தை இப்படி அல்லவா மதிக்க வேண்டும் என்று ரிசார்ட்டைப் பாராட்டிவிட்டுப் போனார்.

"இன்னாடா இம்மா நேரம்? பசி தாங்காதுன்னு உனுக்குத் தெரியாதா?" என்பாள் பாப்பா.

மோசஸ் நீல டிரம்மைக் கவிழ்த்து, ஒட்டிய சோற்றைக் கையால் வழித்துப் போடுகிறான். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தி, கண்ணாடியையும் ஏற்றியபிறகு தலையாட்டுகிறான். அதன் பிறகுதான் பாப்பா டிரம்மைத் தட்டுகிறாள்.