ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அத்தான்

என் அக்காவின் ஈமச்சடங்கு நாளில் நான் ஒரு பொய் சொன்னேன். கொரோனாக் காலம். மெல்பேர்ன், லண்டன், ரொறன்ரோ உறவினர்கள் கணினித் திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாகக் கூடியிருந்தார்கள். புருஷன் ஏன் வந்து சேரவில்லை என்று யாரோ கேட்டார்கள். "நான் அப்பவே வரச் சொன்னனான். அவர்தான் அவசரமில்லை, ஆறுதலாப் பாப்பம் எண்டிட்டார்" என்றேன். அந்தப் புருஷனும், என் அத்தான், அந்தச் சதுரங்களில் ஒன்றில் இருந்தார். வெள்ளை வேட்டியோடு, மெல்பேர்ன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்து ஒலி திறந்தே இருந்தது. குசினியில் கேத்தில் கொதிப்பதுகூட எங்களுக்குக் கேட்டது. அவர் வாய் திறக்கவில்லை.

நடந்தது இதற்கு நேர் எதிரானது. நான் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் அரசியல் படிப்பித்தவன். சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, என் வாழ்நாள் பேச்சு. அங்கே அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. சிட்னிக்கு வந்து டூங்கபியில் குடியேறிய பிறகு, சமஷ்டி நடக்கும் ஒரு நாட்டில் நிற்கிறேன் என்ற பெருமையோடு முதியோர் சங்கத்தில் அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினேன். அத்தான் இலங்கை ரயில்வேயிலும் பின்னர் மெல்பேர்ன் ரயில் வேலையிலும் இருந்தவர். என் பேச்சை அவர் ஒரே கதையால் வெட்டுவார். "முந்தி ஒவ்வொரு மாநிலமும் தன்ர தன்ர அகலத்தில தண்டவாளம் போட்டுது, மச்சான். மெல்பேர்னுக்கு வாற சிட்னிக் கோச்சி எல்லையில, அல்பரியில நிண்டிடும். சனம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி மற்றக் கோச்சியில ஏறும். ஒரு நாடு எண்டு கையெழுத்து வைச்ச பிறகும் அறுபது வருசம் இந்தக் கூத்து. உன்ர சமஷ்டி உதுதான்." நான் அரசியலமைப்பை எடுத்து வைப்பேன். அக்கா குசினியிலிருந்து, "ரெண்டு பேரும் அரசாங்கத்தை நடத்தி முடிச்சா சாப்பிட வாங்கோ" என்பார்.

அந்த ஆண்டு எனக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தது. எனக்குச் சமைத்துத் தருவதற்காக அக்கா மெல்பேர்னிலிருந்து வந்து நின்றார். நான் ஊன்றுகோலை விடத் தொடங்கிய கிழமையில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தியர் சொன்னார். மத்தியானம் அத்தான் தொலைபேசியில் வந்தார். மெல்பேர்னில் தொற்றுக் கூடுகிறது, எல்லையை மூடுவார்கள் போல இருக்கிறது, இன்றைக்கே காரில் வெளிக்கிடட்டோ என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "அத்தான், உங்களுக்குச் சட்டம் தெரியாது. மாநிலத்துக்கு மாநிலம் போய்வரத் தடை போடேலாது எண்டு அரசியலமைப்பில கிடக்கு. ஒரு நாட்டுக்குள்ள ரோட்டை ஆர் மூடுறது? அக்கா வீட்டை வரட்டும், அடுத்த கிழமை ஆறுதலா வாங்கோ." அவர், "நீ படிச்சனி. சரி, மச்சான்" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது. செவ்வாயோடு பாதை மூடியது. பொலிஸ் நின்றது, எல்லையாக ஓடும் ஆற்றின் பாலத்தில் கார்கள் வரிசையாகத் திரும்பின. நான் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாட்டின் இரண்டு மிகப் பெரிய நகரங்களுக்கு நடுவே மாநிலம் ஒன்று கதவைச் சாத்துகிறது. நாற்பது வருடம் நான் மேடையில் சொன்ன அதிகாரப் பகிர்வு அங்கே சீருடை போட்டு, கையைக் காட்டி, காரை நிறுத்தியது. பின்னாளில் நாட்டின் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களுக்கு அப்படி மூட இடமுண்டு என்றே தீர்ப்புச் சொன்னது. எனக்குச் சட்டத்தின் வரிகள் தெரிந்திருந்தன. ஆனால் கொழும்பு ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்த நாட்டில் வளர்ந்தவன் நான். தலைநகரம் சொல்லாமல் ஒரு பாதை மூடப்படும் என்று என் மனம் நம்பவேயில்லை. நாவில் சமஷ்டியும் உள்ளே ஒற்றையாட்சியுமாக இருந்திருக்கிறேன்.

அக்காவுக்குப் புதன்கிழமை நோய் கூடிவிட்டது. அத்தான் அனுமதிக்கு விண்ணப்பித்தார். கிடைத்தாலும் வந்ததும் இரண்டு கிழமை அறையில் தனியே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள், நான் பக்கத்தில் நிற்க, தாதி ஒருத்தி கையுறை போட்ட கையால் தொலைபேசியை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அத்தான் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்படித்தான் முடிந்தது.

சடங்குக்குப் பின் என் பொய் தன் வேலையைப் பார்த்தது. மெல்பேர்னில் அவருக்கு அருகில் இருந்தவர் அவருடைய தங்கை மட்டும்தான். "பெண்சாதியைப் பாக்க ஒன்பது மணித்தியாலம் ஓடேலாத மனிசன்" என்று சொல்லி அவர் அத்தான் வீட்டுப் படியேறுவதை நிறுத்திவிட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன். சும்மா இருந்ததோடு நில்லாமல், ஒருநாள் தொலைபேசியில் எல்லையைத் திட்டினேன், இது என்ன நாடு என்றேன். அத்தான் என்னைத் தடுத்தார்.

"அப்பிடிச் சொல்லாத. மூடினது உங்கட மாநிலம். மூடினவையைத் தோக்கடிக்க எனக்கு அங்க வோட் இல்லை. அது அநியாயம்தான். ஆனா மூடினபடியால் உன்ர தெருவில எத்தினை கிழடுகள் தப்பியிருக்கும்? அதையும் சேர்த்துச் சொல்லு. நாங்கள் அங்க கேட்டது இதைத்தானே, மச்சான்? எங்கட கதவை நாங்களே பூட்டுற உரிமை. கதவெண்டு இருந்தா வெளியால நிக்கிறவன் ஒருத்தன் இருப்பான். இந்த முறை அது நான்."

நான் எத்தனையோ நூல்களில் கூட்டாட்சியின் நன்மை தீமைகளைப் படித்திருக்கிறேன், மாணவர்களுக்கு எழுதியும் போட்டிருக்கிறேன். தன் மனைவியின் முகத்தைப் பறித்த ஒரு ஏற்பாட்டை இவ்வளவு நிதானமாக நிறுத்துப் பார்த்த மனிதர் ஒருவரை நான் கண்டதில்லை. தொலைபேசியை வைத்தேன். அவ்வளவு நியாயம் பேசியவர் எனக்கு எதிராக ஒரு சொல்லும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எல்லை திறந்ததும் அக்காவின் அஸ்தியோடு அல்பரிக்குக் காரோட்டினேன். ஆற்றில் கரைப்பதென்று பேசியிருந்தோம். அத்தான் கோச்சியில் வந்து மறுகரையில் நின்றார். அண்ணிக்காக வந்திருந்த தங்கை தன் காரைத் தள்ளி நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் பாலத்தைத் தாண்டிப் போனதும் அத்தான் பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "ஆறு முழுக்க உங்கட மாநிலமாம். எங்களுக்குக் கரை மட்டும்தான். அவளை உங்களிட்டத்தான் விட்டுட்டுப் போறன்" என்று சிரிக்கப் பார்த்தார். கரைத்து முடிந்ததும் நான் தங்கையிடம் போய், "உங்கட அண்ணை வெள்ளிக்கிழமையே வரக் கேட்டவர். வேண்டாம் எண்டது நான். செத்தவீட்டில நான் சொன்னது பொய்" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு அத்தானைப் பார்த்தார். "நீ ஏன் அண்ணை வாய் திறக்கேல்ல?"

"அண்டைக்கு அவளுக்குக் கொள்ளி வைக்க இவன் ஒருத்தன்தான் அங்க நிண்டவன். அவனை அந்த இடத்தில வைச்சு நான் என்னெண்டு காட்டிக்குடுக்கிறது..." என்ற அத்தான் என் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை கார்ச் சாவியைக் கையில வைச்சுக்கொண்டுதான்ரா உனக்குப் போன் எடுத்தனான்."

அன்றைக்கே தங்கை அவரைத் தன் காரில் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போனார். என்னோடு இருவரும் பேசவில்லை. மாதக்கணக்காக என் அழைப்பை அத்தான் எடுக்கவில்லை. அது நியாயம் என்று இருந்தேன்.

அடுத்த ஆண்டு ஒரு காலையில் அவரே என்னை அழைத்தார்.

"மச்சான், திரும்ப எல்லை மூடுற கதை அடிபடுது. சட்டம் என்ன சொல்லுது?"

"எனக்குத் தெரியாது, அத்தான்."

"அப்பாடா, இப்பதான் படிச்சிருக்கிறாய். இண்டைக்கே இங்க வர வெளிக்கிடு."

பொழுது சாய முன்னரே ஆற்றைக் கடந்துவிட்டேன். எனக்குப் பின்னால் பாதை மூடியது. ஏழு கிழமை அந்த வீட்டில் அவரோடு இருந்தேன். முதல் நாள் காலையில் அவர் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பதினொரு நாளும் அவள் எப்பிடி இருந்தவள்? ஒண்டும் விடாமச் சொல்லு" என்றார். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து தொடங்கினேன்.