எஸ்தர் அக்கா பார்க்காமல் அடித்த நாற்பது பெயர்கள்

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எஸ்தர் அக்காவின் படம் நம் பழைய ஆபீஸ் குழுவில் வந்ததும், கீழே எழுதியிருந்ததைப் படிக்காமல், பிறந்தநாள் என்று நினைத்து கேக் படம் ஒன்றைத் தட்டிவிட்டேன். மூக்குக்கண்ணாடியைப் போட்ட பிறகுதான் அது இறுதி அறிவிப்பு என்று தெரிந்தது. அழிப்பதற்குள் பதினோரு பேர் பார்த்துவிட்டீர்கள்.

ஆரணியில் நம் நெசவாளர் சங்கத்துக்கு முதன்முதலில் வந்த டெர்மினலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கறுப்புக் கண்ணாடியில் பச்சை எழுத்து, வரிக்கு எண்பது எழுத்து, மொத்தம் இருபத்து நாலு வரி. அதற்கென்று சொந்த மூளை கிடையாது. நாம் அடிப்பதை வயர் வழியாகப் பக்கத்து அறைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அது திருப்பிச் சொல்வதைக் காட்டும். மேனேஜரிடம் நான் இருந்த மாதிரி.

அந்த வெள்ளிக்கிழமை, மருத்துவக் காப்பீட்டுக்கு முள்ளிப்பட்டு நெசவாளர்கள் நாற்பது பேரின் பட்டியலை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். கையால் எழுதினால் வாங்க மாட்டேன் என்று காப்பீட்டு அதிகாரி வந்து மேனேஜரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். வாசலில் நெசவாளர் கன்னியப்பன். திங்கட்கிழமை அவர் மனைவிக்கு வேலூரில் ஆபரேஷன். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

டெர்மினலில் அடிப்பது எஸ்தர் அக்காவின் வேலை. சாப்பிட்டுவிட்டு வந்து அவர் உட்கார்ந்தால் திரை இருட்டு. நான் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன், பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டினேன், பின்னால் ஊதினேன். என் தொழில்நுட்ப அறிவு அத்தோடு தீர்ந்தது.

“இன்னா மேடம், என் பேரு ஏறுமா ஏறாதா?” கன்னியப்பன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அக்கா ஒரு விசையைத் தட்டினார். ‘டிக்’ என்றது.

“கண்ணாடிதான் செத்துகினு கீது. மெஷினுக்குக் காது கேக்குது. பேஜார் ஆவாம உக்காருங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீ வாய மூடிகினு நில்லுப்பா. எனக்கு மணி கேக்கணும்” என்றார்.

அந்தப் பெட்டியில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு டிக். வரி முடிய எட்டு எழுத்து இருக்கும்போது ஒரு மணி. அந்தச் சத்தத்தை மட்டும் நம்பி அடிக்க ஆரம்பித்தார். மேனேஜர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். பதினேழாவது பெயரில் அதிகாரி இருமினார். அக்கா அந்த வரியை முழுதாக அழித்துவிட்டு மறுபடி அடித்தார். அதிகாரி அதற்கப்புறம் கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவில்லை. கன்னியப்பன் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றே முக்காலுக்கு உள்ளே பிரிண்டர் ஓடியது. தாளை வாங்கி உரக்கப் படித்தேன். நாற்பதும் சரி. கன்னியப்பன் தன் பெயரை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

“மூணாவது தபா படிச்சா ரெண்டு ஆபரேஷன் பண்ணிடப் போறாங்க” என்றார் அக்கா.

கன்னியப்பனின் மனைவி அக்காவின் அடக்கத்துக்கு வந்திருந்தார். என்னைவிட அதிகம் அழுதார். என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்: எது இருண்டுபோனாலும், கத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் காது கொடுக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை வந்த மெக்கானிக், டெர்மினலுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு குமிழைத் திருகினார். பச்சை எழுத்து பளிச்சென்று வந்தது. ஒரே எழுத்து நெடுநேரம் எரிந்து கண்ணாடியில் தழும்பு விழக்கூடாது என்று, சாப்பிடப் போகும்போது அந்தக் குமிழைத் திருகி வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுப் போவது அக்காவின் வழக்கம்.