துபாய்க்கும் அபுதாபிக்கும் ஐந்து ராத்திரி

என் கணவருடைய தம்பி அபுதாபியில் இருக்கிறார். என் தம்பி துபாயில் இருக்கிறான். இரண்டு ஊருக்கும் நடுவே காரில் போனால் ஒன்றரை மணி நேரம்தான் என்கிறார்கள். கம்பத்திலிருந்து மதுரைக்குப் போவதைவிடக் குறைவு. ஆனால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஒன்று மாமியாருடைய ஊர், மற்றது என் அம்மாவுடைய ஊர். அந்தத் தூரத்துக்குச் சாலை போட எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

எங்களுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். அறுவடை முடிந்து கிளை வெட்டும் அடுத்த கவாத்து வருவதற்குள் கொடியைக் கொஞ்ச நாள் சும்மா விடுவோம். போன மாசியில் அப்படி விட்டிருந்த நேரம், விலையும் நன்றாகக் கிடைத்திருந்தது. கணவர் சாப்பிட்டுக்கொண்டே, கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் உன்னைக் குமுளியைத் தாண்டி எங்கேயும் கூட்டிப்போகவில்லையே, தம்பிமாரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோமா என்று கேட்டார். நான் ரசத்தை ஊற்றியபடியே சரி என்றேன். அந்தப் பயணத்தைப் பற்றி எங்கள் வீட்டில் அமைதியாக நடந்த பேச்சு அது ஒன்றுதான்.

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஏஜெண்ட் ஒருவர் இருக்கிறார். தோட்டத்தை எத்தனை நாள் விட்டுவிட்டு வர முடியும் என்று அவர் கேட்க, கணவர் யோசித்து ஐந்து ராத்திரி என்றார். ஒற்றைப்படை ராசியான எண் என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சந்தோஷப்பட்டார். ஒற்றைப்படை மொய் எழுதத்தான் நல்லது, பங்கு பிரிக்க ஆகாது என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது.

மாமியார் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கி முடித்து அரிவாள்மனையை ஓரமாக வைத்தார். பிறகு, தம்பி வீட்டில் எத்தனை ராத்திரி, மச்சினன் வீட்டில் எத்தனை ராத்திரி என்று மகனிடம் கேட்டார். அதை இன்னும் யோசிக்கவில்லை என்றார் கணவர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மூணு ராத்திரி கூடப்பொறந்தவன் வீட்டுல. மச்சினன் வீட்டுக்கு விருந்துக்குப் போவாக, யாரும் குடியிருக்கப் போக மாட்டாக" என்றார் மாமியார்.

நாங்கள் இல்லாதபோது பள்ளிக்கூடம் போகும் எங்கள் மகளைப் பார்த்துக்கொள்ளப் போவது அவர்தான். ஆகவே எதிர்த்துப் பேச எங்கள் இருவருக்கும் வாய் இல்லை.

என் அம்மா இருப்பது குச்சனூரில். செய்தி யார் மூலம் போனதோ, மறுநாள் காலையிலேயே ஃபோன் வந்தது. அம்மா விமானத்தை வானத்தில் மட்டுமே பார்த்தவர். இருந்தாலும் மதுரையிலிருந்து கிளம்பும் விமானம் துபாயில்தான் இறங்குகிறது என்பதை விசாரித்து வைத்திருந்தார். இறங்குகிற அன்றைக்குக் களைப்பாக இருக்கும், துபாயில் ஒரு ராத்திரி. திரும்பி ஏறுவதற்கு முந்தின நாள் அவசரமாக இருக்கும், துபாயில் ஒரு ராத்திரி. நடுவில் ஊர் சுற்றிப் பார்க்க ஒரு ராத்திரி. மிச்சமிருப்பதை மரியாதைக்கு அபுதாபியில் கழித்துவிட்டு வரலாம் என்பது அம்மாவுடைய தீர்ப்பு.

இதை மாமியாரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. அன்று மத்தியானமே அவர் கொச்சியைக் கையில் எடுத்தார். குமுளி வழியாகக் கொச்சிக்குப் போய்விட்டால் அங்கிருந்து நேராக அபுதாபியில் இறக்கிவிடுவார்களாம். பக்கத்து வீட்டு மலையாளத்து ஏலக்காய் வியாபாரி சொன்னாராம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மதுரை, கொச்சி என்று இரண்டு கட்சிகள் உண்டாயின. மதுரை விமான நிலையத்தில் காப்பி நன்றாக இருக்காது என்று மாமியார் சொன்னார். மலைப்பாதையில் போனால் மாப்பிள்ளைக்கு வாந்தி வரும் என்று அம்மா ஃபோனில் கவலைப்பட்டார். மாப்பிள்ளை வாரம் இரண்டு தடவை குமுளிக்கு ஜீப்பில் திராட்சை ஏற்றிப் போகிறவர்.

கணவர் டிக்கெட்டை மாற்றச் சொல்லி ஏஜெண்டிடம் நடையாய் நடந்தார். மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன். அந்த மனிதர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போகிறவர்களை அனுப்பியிருக்கிறேன், ஹஜ்ஜுக்கு அனுப்பியிருக்கிறேன், புதுக் கல்யாண ஜோடிகளை அனுப்பியிருக்கிறேன், இவ்வளவு சம்பந்தி மரியாதை உள்ள டிக்கெட்டை மட்டும் நான் போட்டதில்லை என்றார்.

கணவர் எங்கள் பக்கத்து வாய்க்கால் பாசனச் சங்கத்தில் இருக்கிறவர். முறை வைத்துத் தண்ணீர் விடுவதில் அவருக்கு நல்ல பெயர். அந்தத் தைரியத்தில் ஒரு யோசனை சொன்னார். ஒரு ராத்திரி அங்கே, மறு ராத்திரி இங்கே என்று மாற்றி மாற்றித் தங்கிவிடலாம், யாருக்கும் குறை இருக்காது. அப்படியானால் தினமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலைவனத்தில் போவதும் வருவதுமாகவே பொழுது போய்விடுமே என்றேன் நான். மாமியார் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. முதல் முறை யாருக்கு என்று மட்டும் கேட்டார். முதலில் திறக்கிற மடைக்குத்தான் மூன்று முறை கிடைக்கும் என்பதைப் பாசனச் சங்கத்தாரைவிட அவர் சீக்கிரம் கண்டுபிடித்திருந்தார்.

இதற்கிடையில் பலகாரம் வரத் தொடங்கியது. மாமியார் எள்ளுருண்டையும் நெய்யும் மொச்சையும் அபுதாபிப் பெட்டியில் வைத்தார். அம்மா முறுக்கும் பருப்புப் பொடியும் துபாய்ப் பெட்டிக்கு அனுப்பினார். தோட்டத்தில் திராட்சைப் பெட்டி நிறுக்கும் தராசில் இரண்டையும் கணவர் நிறுத்துப் பார்த்தார். அபுதாபி கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அது குச்சனூருக்கு எப்படித் தெரிந்ததோ, சனிக்கிழமை அந்த ஊர்க் கோயிலுக்கு எங்கள் பக்கத்திலிருந்து வந்த யாரிடமோ கொடுத்து இன்னொரு பொட்டலம் அனுப்பிவிட்டார் அம்மா. எங்கள் இரண்டு பேருடைய துணிமணிக்கு மிஞ்சியது ஒரு கைப்பை.

இவ்வளவு சண்டைக்கும் காரணம் பாசம் மட்டும் இல்லை. இரண்டு தம்பிகளுக்கும் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளைகுடாவில் மாப்பிள்ளைக்கு எப்படி வீடு என்பதுதான் பெண் வீட்டார் கேட்கிற முதல் கேள்வி. அண்ணனோ அக்காவோ போய்த் தங்கிவிட்டு வந்தார்கள் என்றால் அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. மாமியார் உத்தமபாளையத்துத் தரகரிடம் மகன் வீட்டு லிஃப்டைப் பற்றிச் சொல்லியிருந்தார். அம்மா அதே தரகரிடம் மொட்டைமாடியில் நீச்சல் குளம் இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

தம்பிகள் இரண்டு பேரும் ஃபோனில் அழகாகத்தான் பேசினார்கள். வாங்க வாங்க என்றார்கள். எத்தனை ராத்திரி என்று கேட்டால் மட்டும் பெருந்தன்மை வந்துவிடும். கொழுந்தனார், மதினிக்குத் தம்பியைப் பார்க்க ஆசை இருக்கும், துபாயில் கூட நாள் இருக்கட்டும் என்பார். என் தம்பி, மாமாவுக்கு அவர் தம்பிதானே முக்கியம், அபுதாபியிலேயே இருக்கட்டும் என்பான். என் மகனுக்கு எப்போதுமே விட்டுக்கொடுக்கிற குணம் என்று மாமியார் கண் கலங்கினார். இவனுடைய இளகின மனசைப் பயன்படுத்திக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று அம்மா பல்லைக் கடித்தார்.

கணவருக்குக் கழுத்து வலி உண்டு. சன்னமான தலையணை இல்லாவிட்டால் தூக்கம் வராது. அதை எடுத்து வரவா, அங்கேயே இருக்கிறதா என்று கேட்க ஒரு நாள் மத்தியானம் கொழுந்தனாரை வீடியோவில் கூப்பிட்டேன். மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். கொழுந்தனார் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்போது பேசினாலும் அந்த மாடிப்படிதான், அந்தக் காரை பெயர்ந்த சுவர்தான். வீட்டைக் கொஞ்சம் காட்டுப்பா, எங்கே படுக்கப் போகிறோம் என்று பார்க்கிறேன் என்றேன்.

அவர் ஃபோனைத் திருப்பவில்லை.

"மதினி, வீடுன்னு ஒண்ணு இருந்தாத்தான காட்டுறதுக்கு. ரூமுல எட்டுப் பேரு இருக்கோம். எனக்கு மேல் கட்டில். அண்ணன் வந்தா எங்கன படுக்கப் போடுவேன்?"

"பெறகு ஏம்ப்பா வாங்க வாங்கன்ன?"

"வராதீகன்னா சொல்ல முடியும்?"

துபாயில் இருக்கும் என் தம்பியிடம் பேசியிருப்பதாகவும், ஐந்து ராத்திரியும் அவனே வைத்துக்கொண்டால் நல்லது என்று கெஞ்சிப் பார்த்ததாகவும், அவன் பிடி கொடுக்கவில்லை என்றும் சொன்னார். நான் உடனே என் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் வேலை பார்க்கும் கடையின் குடோனில் இருந்தான். நீச்சல் குளத்தைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டான். ஒரு ஹாலைப் பலகை வைத்து மூன்றாகத் தடுத்திருக்கிறார்களாம், அதில் ஒரு தடுப்பு அவனுக்காம்.

"திரும்பிப் படுத்தா முழங்கை பலகையில இடிக்கும்க்கா. அவுகளுக்குக் கம்பெனி வீடு பெருசுன்னு நெனச்சு நான் அங்கன தள்ளுறேன். எனக்கு இருக்குன்னு நெனச்சு அவுக இங்கன தள்ளுறாக. ரெண்டு வாரமா விட்டுக்கொடுத்துக்கிட்டே இருக்கோம்" என்றான்.

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு ஃபோனை வைத்த பிறகு அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றவில்லை. இங்கே இரண்டு கிழவிகள் ஒவ்வொரு ராத்திரிக்கும் வேலி போட்டுக் காவல் காக்கிறார்கள். அங்கே அந்த ராத்திரிகளை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

சாயங்காலம் தோட்டத்தில் வைத்துக் கணவரிடம் சொன்னேன். அவர் பந்தல் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மேல் கட்டிலா?" என்றார். "அவனுக்குப் பரண்ல ஏறவே பயமாச்சே."

பிறகு தன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். நானும் என் அம்மாவிடம் சொல்வதாக இல்லை. ஹோட்டலில் ரூம் போடுவது என்று அங்கேயே முடிவானது. ஆனால் சொந்தக்காரர் இரண்டு பேர் இருக்கும்போது சத்திரத்தில் படுப்பதா என்று இரண்டு ஊரிலும் ஒப்பாரி வைத்துவிடுவார்கள். ஆகவே பொய் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றேன். எனக்கு வேலை சுத்தமாக இருக்க வேண்டும்.

சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் ஹோட்டலில்தான் தங்க வேண்டும், ரூம் வாடகையும் டிக்கெட்டோடு சேர்ந்ததுதான், தங்காவிட்டால் விமானத்தில் திருப்பி ஏற்றிவிடுவார்கள் என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஏஜெண்டிடமே கேட்கிறேன் என்று ஃபோன் போடச் சொன்னார். நான் ஏஜெண்டிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். அந்த மனிதருக்கும் எப்படியாவது இந்த டிக்கெட் முடிந்தால் போதும் என்றிருந்தது. நான் சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல், ஏர்போர்ட்டில் ஹோட்டல் சாவியைக் காட்டச் சொல்வார்கள் என்று சொந்தமாகவும் ஒன்றைச் சேர்த்துவிட்டார்.

மாமியார் ஃபோனை என்னிடம் கொடுத்தார்.

"அப்ப துபாயிலயும் தங்க மாட்டீகள்ல?"

"ஒரு ராத்திரிகூட இல்ல அத்தை."

அவர் முகம் தெளிந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னபோதும் அதே கேள்விதான், ஊர் மட்டும்தான் மாறியிருந்தது. அதே பதிலைச் சொன்னேன், அதே நிம்மதி கிடைத்தது. தன் மகனுக்கு மூன்று கிடைக்க வேண்டும் என்று இருவரும் அடித்துக்கொண்டதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அடுத்தவளுக்கு ஒன்றும் இல்லை என்றால் ஐந்தையும் விட்டுக்கொடுக்க இருவருமே தயாராக இருந்திருக்கிறார்கள். இது முதலிலேயே தெரிந்திருந்தால் ஏஜெண்டுக்கு இவ்வளவு டீச் செலவு இருந்திருக்காது.

ஹோட்டல் எந்த ஊரில் என்று மாமியார் கேட்டதற்கு இரண்டுக்கும் நடுவில் என்றேன். உண்மையிலேயே நடுவில்தான் போட்டோம். துறைமுகத்துப் பக்கம், லாரிகள் அதிகமாகப் போகும் சாலையில், சிறிய ஹோட்டல். மதுரையிலிருந்தே போனோம். கொச்சிக் கட்சி அதற்குள் கலைந்துவிட்டிருந்தது.

தம்பிமாருக்கு லீவு கிடைத்த நாளில் இரண்டு பேரும் ரூமுக்கு வந்தார்கள். கொழுந்தனார் அபுதாபியிலிருந்து பஸ்ஸில் வந்தார். இளைத்துப்போயிருந்தார். ரூம் நல்ல ரூம்டா, செருப்பைக் கழற்றிவிட்டு மேலே உட்கார் என்று மட்டும் கணவர் சொன்னார். நான் இரண்டு பெட்டிகளையும் திறந்தேன். நெய் கசிந்து மொச்சைப் பையெல்லாம் பிசுபிசுத்திருந்தது. எந்தப் பலகாரம் எந்த வீட்டுக்கு என்ற கணக்கு அங்கே செல்லவில்லை. கொழுந்தனார் குச்சனூர் முறுக்கையும் என் தம்பி மாமியாருடைய எள்ளுருண்டையையும் வைத்துக்கொண்டு, தரகர் கடைசியாகக் கொண்டுவந்த ஜாதகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பெண்ணைச் சொல்லியிருந்தார் தரகர்.

பேசிக்கொண்டே இருந்த கொழுந்தனார் பேச்சை நிறுத்திவிட்டார். பார்த்தால் கட்டிலில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் என் தம்பியும் மறு ஓரத்தில் கையைக் காலை விரித்துப் படுத்துவிட்டான். அன்று எல்லோருமாகக் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். நான் எழுப்பப் போனேன். கணவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, போர்வையை எடுத்து இரண்டு பேர் மேலும் போட்டார். நாங்கள் ஜன்னல் பக்கம் இருந்த இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்து லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றும் எத்தனை டன் ஏற்றும் என்று அவர் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.