இரண்டு கோட்டுக்கு மூன்று கோடு

இன்று திருவொற்றியூர் ஷெட்டுக்குப் போயிருந்தேன். மிலிட்டரி டிஸ்போசலில் ஏலம் எடுத்த எங்கள் லாரி எண்ணூர் உப்பைச் சுமந்து சுமந்து, அடிச்சட்டமான சேசிஸ் முழுக்கத் துரு. துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிக்க விட்டிருக்கிறோம்.

பெயிண்டர் அந்தோணியிடம் பேச்சு இரண்டு கோட்டு, அதாவது இரண்டு முறை பூச்சு. இரண்டும் ஒரே சிவப்பு. ஒன்று அடித்துவிட்டு இரண்டு என்றால் யார் கண்டது? அதனால் நேற்று, முதல் கோட்டு காய்ந்ததும் அடியில் புகுந்து, இரண்டு இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வந்தேன்.

இன்று கோடுகள் இல்லை. துடைத்துவிட்டிருந்தாலும் இருக்காதே என்று விரலை வைத்துப் பார்த்தேன். பிசுபிசுவென்று சிவப்பு ஒட்டியது.

"இன்னா நைனா, ஈரம் கீதா?" என்றார் அந்தோணி. "சாக்பீஸ் மேல அடிச்சா பெயிண்ட் நிக்காது. மூணு கோடும் தொடச்சிட்டுதான் அடிச்சேன்."

"மூணா? நான் போட்டது ரெண்டுதானே."

"அப்போ இன்னொண்ணு உன் மச்சான் போட்டதுதான். காலைல வந்து அடியில பூந்துகினு இருந்தாரு."

லாரியில் மச்சானுக்குப் பாதிப் பங்கு. "நீங்களே பாத்துக்குங்க மாமா, உங்க மேல எனக்கு நம்பிக்கை கீது" என்று ஒதுங்கிக்கொண்டவன்.

அந்த மூன்றாவது கோடு அந்தோணிக்காகவா, எனக்காகவா? நீங்களே சொல்லுங்கள்.