அத்தான் திறந்து மூடிய டேப் டெக்

என் அக்காவின் கணவருக்கு நான் வைத்த பெயர் 'திறப்பு விழா'. வீட்டில் எது மக்கர் செய்தாலும் ஸ்க்ரூடிரைவரோடு முதலில் வந்து நிற்பார். திறப்பார். உள்ளே எட்டிப் பார்த்து "ஓஹோ" என்பார். அதோடு சரி. அவர் எதையாவது மூடியதை யாரும் பார்த்ததில்லை. மேஜை விசிறியின் இறக்கைகளைக் கழற்றினார், அவை கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. அழைப்பு மணியைத் திறந்தார், அன்றிலிருந்து வருகிறவர்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

இத்தனைக்கும் தொழில் தெரியாத மனிதர் இல்லை. மீசை அரும்பிய வயதில் டயர் கடையில் சேர்ந்தவர். தேய்ந்த லாரி டயரைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, மறுபடி ஓட்டத்துக்கு அனுப்புகிற வேலை. அவர் கைபட்ட டயர் எதுவும் புகாரோடு திரும்பி வந்ததில்லையாம். கடையில் முதலாளி தலைக்கு மேலே நிற்கிறார், இவர் முடிக்கிறார்; வீட்டில் அந்தப் பயம் இல்லை என்பது என் கருத்து. அக்காவின் கருத்து இன்னும் காரமானது, அதை இங்கே எழுத முடியாது.

திறந்து போட்டதெல்லாம் குவிந்து கிடப்பது ஜன்னலோர மேஜையில். வீட்டிலேயே நல்ல வெளிச்சம் விழுகிற இடம் அதுதான். நான் அக்கா வீட்டோடு இருப்பவள், தையல் எனக்குப் பிழைப்பு. என் மிஷின் இருப்பதோ உள்ளறையின் மூலையில். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட்டால் ஊசி எங்கே, விரல் எங்கே என்று தெரியாது. அதனால் அந்த மேஜைமேல் எனக்கு ஒரு கண். அக்காவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதென்று முடிவானதும் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இதுல ஒண்ணையாவது உருப்படியா முடிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா மொத்தத்தையும் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடுவேன். மேஜை தங்கச்சிக்கு."

அத்தானின் முகம் சுண்டிப்போனது. கடையிலிருந்து வந்து கை கழுவியதும் அவர் நேராகப் போய் உட்கார்வது அங்கேதான். நாள் முழுக்க முதலாளியிடம் பேச்சு வாங்கிய மனிதருக்கு அது ஒன்றுதான் சொந்த இடம். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அவர் கண்ணெதிரே மேஜையை அளந்தேன்.

அவர் எடுத்ததோ இருப்பதிலேயே பெரிய தலைவலியை. அக்கா கல்யாணத்துக்கு முன்னால் தன் சம்பளத்தில் வாங்கிய டேப் டெக். பாட்டு அருமையாகப் பாடும். முன்னால் ஓட்டவோ பின்னால் சுற்றவோ பொத்தானை அமுக்கினால்தான் வம்பு. உர்ரென்று உறுமும், நாடா கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும். பிடித்த பாட்டை மறுபடி கேட்க வேண்டுமென்றால் கேசட்டை வெளியே எடுத்து, பென்சிலைச் செருகிச் சுற்ற வேண்டும். தன் மணிக்கட்டு வலிக்கு அக்கா வேறு காரணமே சொல்வதில்லை.

அத்தான் மூடியைக் கழற்றினார். "ஓஹோ" என்றார். பெல்ட்டை மாற்றினார், பிரயோஜனமில்லை. "எங்கேயோ இறுக்கமா இருக்கு" என்று என் தையல் மிஷின் எண்ணெயை என்னைக் கேட்காமலே எடுத்து, சுழல்கிற இடத்திலெல்லாம் சொட்டு விட்டார். அதுவரை கொஞ்சமாவது நகர்ந்த நாடா இப்போது ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரரும் வந்துவிட்டார். வாசலில் தராசை இறக்கி வைத்தார். அக்கா கோணியை உதறினாள். நான் அத்தானின் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன், வேடிக்கை பார்க்கத்தான்.

கேசட்டின் இரண்டு துளைகளிலும் நுழைந்து சுற்றுகிற சக்கரங்களுக்கு நடுவே சட்டைப் பொத்தான் அளவில் இன்னொரு சக்கரம். முன்னால் ஓட்டச் சொன்னால் வலப்பக்கம் சாய்ந்தது, பின்னால் என்றால் இடப்பக்கம். போய் ஒட்டிய இடத்தில் பிடி கிடைக்காமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் ஒரு ரப்பர் வளையம், பளபளவென்று.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே!

"ஏன் அத்தான், வழுக்கை டயரோட வர்ற லாரிக்காரங்களை அந்தத் திட்டு திட்டுவீங்களே! இங்க உங்க மூக்குக்குக் கீழேயே ஒண்ணு வழுக்கிக்கிட்டு இருக்கு. அதுக்கு எண்ணெய் வேற விட்டிருக்கீங்க!"

அத்தான் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"அட, இது டயரு!" என்று கத்தினார். "அடிப்பாவி, இதை முந்தாநாளே சொல்றதுக்கென்ன?"

டயர் கடையில் இருக்கும் அத்தானை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அவசரமில்லை, "ஓஹோ" இல்லை. வளையத்தை இடுக்கியால் நெம்பி எடுத்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அதையும், அது உரசுகிற சக்கரங்களையும் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்தார். வளையத்தை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். அந்தப் பக்கத்து ரப்பர் இன்னும் மெத்தென்று இருந்தது. அதை உப்புத்தாளால் சுற்றிலும் ஒரே சீராகத் தேய்த்தார்.

"வழவழப்பு போனாத்தான் பிடிக்கும்" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

சக்கரத்தைப் பொருத்தினார். பிறகு மூடியை எடுத்து வைத்துத் திருகுகளை முடுக்க ஆரம்பித்தார்.

"ஓட்டிப் பாத்துட்டு மூடக் கூடாதா?" என்றாள் அக்கா.

"டயர் வேலையில நான் செஞ்சதை யாரும் ஓட்டிப் பாக்க வேணாம். நீயே அமுக்கு."

அக்கா கேசட்டைப் போட்டு, பின்னால் சுற்றும் பொத்தானை அமுக்கினாள். உய்ங்கென்று ஒரு சத்தம். நாடா பறந்தது. முனைக்கு வந்ததும் டக்கென்று பொத்தான் தானாக எழும்பியது. முன்னால் ஓட்டினாள், அதுவும் பறந்தது. மறுபடி பின்னால், மறுபடி முன்னால். லேசில் சிரிக்காத என் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. மேஜை கைவிட்டுப் போனாலும், சத்தியமாக, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அம்மா, சாமான் ஏதாச்சும் உண்டா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணும் இல்லைங்க. காக்க வச்சுட்டோம், மன்னிச்சுக்குங்க" என்றாள் அக்கா.

பிறகு உள்ளே போனாள். அத்தான் கண்ணில் படாமல் இத்தனை வருஷமாக பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மிக்சியைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தாள்.

"வேகமா வச்சா கருகுற வாடை வருது. பாருங்க."

நானும் உள்ளறைக்குப் போனேன். என் மிஷின் தையலை விட்டுவிட்டுப் போட ஆரம்பித்துப் பல நாளாகிறது. பயந்துபோய் அவரிடம் மூச்சு விடவில்லை. அன்று தூக்கிக்கொண்டு வந்து, நான் ஆசைப்பட்ட அதே இடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன்.

அத்தான் அதன் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஓஹோ" என்றார்.