ரயில் ஓடாத தண்டவாளம்

என் அக்கா புருஷன் ஆர்வல் ஸ்டாம்பருக்கு ஒரு வியாதி உண்டு. ரயில் தண்டவாளத்தைக் கண்டால் வண்டியை நிறுத்துவார். கதவைத் திறப்பார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார், இரண்டு பக்கமும் பார்ப்பார், அப்புறம்தான் கடப்பார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் தொண்டை கட்டினாலும் அவருக்குக் கவலையில்லை.

எங்கள் கோல்டர் ஊரில் முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பள்ளிக்கூட பஸ்ஸுக்குச் சட்டமே அதுதான். வேலையை விட்டு இரண்டு வருஷமாகியும், பால் வாங்கப் போகும் காரில்கூட கதவைத் திறந்து ரயில் வருகிறதா என்று கேட்கிற மனிதரை என்ன சொல்வது? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

குறை சொல்கிறேனே தவிர, இந்த வையோமிங் மாநிலத்துப் பனியில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் படாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். கண்ணாடியில் பின்னால் பார்த்து, "உக்காந்தாச்சா? அப்ப போலாம்" என்று சொல்லாமல் ஒரு நாளும் வண்டியைக் கிளப்பியதில்லை. இன்று ஊரில் பாதிப் பேர் அந்தக் குரலைக் கேட்டு உட்கார்ந்தவர்கள்தான்.

அவருடைய பஸ், ஹார்லன் பண்ணையின் தபால் பெட்டிவரை போய்த் திரும்பும். அதற்கு அப்பால் சாலை ஒரு மேட்டில் ஏறி மறைந்துவிடும். முப்பத்தெட்டு வருஷமும் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டே வண்டியைத் திருப்பியிருக்கிறார். "ஒரு ஞாயித்துக்கிழமை காரை எடுத்துட்டுப் போய்ப் பாத்திருக்கலாமே அத்தான்?" என்று ஒருதடவை கேட்டேன்.

"உங்கக்கா வரமாட்டேன்னுட்டா பெர்னி. தனியாப் போய் என்னத்தப் பாக்கிறது?" என்றார்.

அதனால்தான் ஓய்வு பெற்றதும் இருபத்தெட்டு அடி நீளத்தில் ஒரு பழைய வீட்டுவண்டியை வாங்கினார். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உள்ளேயே. போதாக்குறைக்கு, உடைக்கப் போட்டிருந்த பஸ் ஒன்றிலிருந்து கதவுப் பிடியைக் கழற்றி வந்து இதில் பொருத்திவிட்டார். ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தபடியே இழுத்தால், 'டக்' என்று சத்தம் போட்டுக் கதவு மடங்கித் திறக்கும்.

என் அக்கா ட்வைலா தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷம் உட்கார்ந்தவள். சும்மா சம்மதிப்பாளா? "அஞ்சு நாள் வரேன். அஞ்சாம் நாள் எனக்குப் பிடிக்கலைன்னா வண்டியப் பல் டாக்டருக்குக் குடுத்துடணும். அவர்தான் விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரே" என்றாள். அத்தான் பைபிள் மேல் கை வைக்காத குறையாக ஒப்புக்கொண்டார். நடுவில் நின்று சண்டை விலக்க என்னையும், வீட்டில் விட மனமில்லாமல் தன் பூனை டீக்கனையும் கூட்டிக்கொண்டாள். கறுப்பு உடம்பு, கழுத்தில் பாதிரியார் மாதிரி வெள்ளைப் பட்டை; டீக்கன் என்றால் சர்ச்சில் சின்னப் பாதிரியார். கிளம்புகிற அன்றே ஓட்டுகிறவருக்குப் பின் இருக்கையைப் பிடித்துக்கொண்டது.

முதல் நாள் காலை ஹார்லன் தபால் பெட்டியைத் தாண்டினோம். மேட்டில் ஏறினோம். அந்தப் பக்கம் அதே மாதிரி இன்னொரு மேடு.

"இதுக்கா முப்பத்தெட்டு வருஷம் ஏங்கினீங்க?" என்றாள் ட்வைலா.

"இது வேற மேடும்மா!" என்றார் அத்தான். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கே அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பழைய சுரங்க ஊர்களாகப் பார்த்துக்கொண்டு போனோம். முன்பக்கம் மட்டும் மாடி போலப் பலகை நிறுத்திய கடைகள், ஊருக்கு ஒரு சாராயக்கடை. ஒவ்வொன்றிலும் துப்பாக்கிக் குண்டு துளைத்த கண்ணாடி ஒன்றை மாட்டிவைத்திருந்தார்கள். நாலு ஊரில் நாலு கண்ணாடி, நாலு ஓட்டை. அந்தக் காலத்துக்காரர்களுக்கு மனிதர்களைக் குறிபார்க்கத் தெரியாதுபோல. நடுவில் மணிக்கணக்காகப் பண்ணை நிலம். மாடுகள் ரோட்டில் படுத்துக்கொண்டு, யார் முதலில் நகர்வது என்று எங்களோடு போட்டி போட்டன. எதிரே வருகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினார்கள். மூன்றாம் நாள் ட்வைலாவும் பதிலுக்கு இரண்டு விரலைத் தூக்குவதைப் பார்த்தேன். அன்று சாப்பாட்டுக் கடையில் ருபார்ப் 'பை' என்கிற இனிப்பில் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினாள். தேறிவிட்டார் அத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வழியெல்லாம் தண்டவாளம். சுரங்கம் மூடியதோடு ரயிலும் நின்று, நடுவில் புல் முளைத்துப்போன தண்டவாளம். அத்தனையிலும் 'டக்'.

"இதுல ரயில் போயி நாப்பது வருஷம் ஆகுது. யாரு வரப்போறா, செத்த டிரைவரா?" என்பாள் அக்கா.

"பாத்துட்டுப் போறதுல என்ன நஷ்டம்?" என்பார் இவர்.

நஷ்டம் நாலாம் நாள் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சில்வர் ஃபோர்க் என்கிற சுரங்க ஊரிலிருந்து கிளம்பி, மூன்று தண்டவாளம் தாண்டி, ராத்தங்கும் முகாமுக்கு வந்து வண்டியை நிறுத்தினோம். டீக்கனைக் காணோம். கட்டிலுக்கடியில் இல்லை, அலமாரியில் இல்லை. மூன்று இடத்தில் கதவு திறந்தது. ஏதோ ஓரிடத்தில் இறங்கிவிட்டது.

ட்வைலா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "வண்டிய வித்துடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அத்தான் முகம் செத்துப்போயிற்று. வண்டியைத் திருப்பினார்.

கடைசித் தண்டவாளத்தில் இறங்கி "டீக்கன், டீக்கன்" என்று கத்தினோம். அக்கா தீனி டப்பாவைக் குலுக்கினாள். காற்றுதான் பதில் சொன்னது. நடுத் தண்டவாளத்திலும் அப்படியே. அங்கே வேலி பார்த்துக்கொண்டிருந்த பண்ணைக்காரி ஒருத்தி டிரக்கை நிறுத்தினாள். பெயர் மேரன், ஐம்பது வயதிருக்கும், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது.

"என்ன, பிரசங்கத்துக்குப் பாதிரியாரைத் தேடுறீங்களா?" என்றாள்.

"பூனையைத்தாங்க. ஓநாய் நரி ஏதாவது திரியுமா இங்க?" என்று ட்வைலா கேட்டாள்.

"கயோட்டி நரி இருக்கு. ஆனா அதுங்க கிளம்ப இன்னும் நேரமிருக்கு. ஒண்ணு சொல்றேன் கேளுங்க, பேரைச் சொல்லிக் கத்தாதீங்க. பயந்தது இன்னும் பதுங்கும். எங்க மாட்டையே பாருங்க, நான் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பாக்காது. தீவன டிரக்கோட ஹாரனை அடிச்சா மூணு மைல்ல இருந்து ஓடி வரும். தினம் கேக்கிற சத்தம்தான் அதுக்கு வீடு."

அத்தான் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். தொப்பியைத் தொட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

சில்வர் ஃபோர்க் பக்கத்துத் தண்டவாளம் வந்தது. எப்போதும் நிறுத்துகிற தூரத்தில் நிறுத்தினார். "யாரும் பேசாதீங்க" என்றார். எஞ்சினை அணைத்தார். பிடியை இழுத்தார். டக். கொஞ்ச நேரம் பொறுத்து மூடினார். மறுபடி டக். அக்கா என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை இழுத்தாரோ, நான் எண்ணவில்லை.

தண்டவாளத்துக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாயிலிருந்து முதலில் வெள்ளைக் கழுத்துப்பட்டை தெரிந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் நடந்து வந்தது. படி ஏறியது. அவருக்குப் பின்னாலிருக்கும் தன் இருக்கையில் குதித்துச் சுருண்டுகொண்டது.

அத்தான் கதவை மூடிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். "உக்காந்தாச்சா?" என்றார். வண்டியைக் கிளப்பவில்லை. அக்கா இன்னும் நடுவில் நின்றபடி அழுதுகொண்டிருந்தாள்.

"நீயும் உக்காரும்மா."

உட்கார்ந்தாள். பூனையை மடியில் இழுத்துக்கொண்டாள். "அப்ப போலாம்" என்றார்.

திரும்பி வரும்போது நடுத் தண்டவாளம் நெருங்கியது. அவர் கை கதவுப் பிடிக்குப் போகிறது, வருகிறது. பாவம், அக்காவைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, முப்பத்தெட்டு வருஷமும் இல்லாத வழக்கமாக, நிறுத்தாமல் கடக்கப் பார்த்தார்.

"ஏங்க, நிறுத்துங்க" என்றாள் ட்வைலா.

"இதுல ரயில் வராதும்மா."

"வருதான்னு கேட்டுட்டுப் போங்க. நான் பூனையப் பிடிச்சிருக்கேன்."

நிறுத்தினார். டக். மூன்று பேரும் காது கொடுத்துக் கேட்டோம். புல்லில் காற்று. தூரத்தில் மேரனுடைய டிரக்கின் ஹாரன். பின்னாலேயே மாடுகளின் குரல்.

"எனக்கு ரயில் சத்தம் ஒண்ணும் கேக்கல" என்றார் அத்தான்.

"எனக்கும்தான்" என்றாள் அக்கா. "நாளைக்கு அஞ்சாம் நாள். எந்தப் பக்கம் போறோம்?"